டெஷூட்ஸ் ஆற்றில் ஒரு பாண்டூன் படகு: தேர்வும் சாமான்களும் ஒரு நங்கூரமும் – நிகழ்வு ஆய்வு

காற்றடைத்த இரண்டு குழாய்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகச் சட்டம், நடுவில் ஓர் இருக்கை, இரண்டு துடுப்புகள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ட்ரவுட் பிடிப்பவர்கள் ஒற்றை ஆளாகத் தண்ணீரில் இறங்கப் பயன்படுத்தும் பாண்டூன் படகு இவ்வளவுதான். ஓரிகன் மாநிலத்தில் வசிக்கும் ஒரு தமிழர் இப்படி ஒரு படகை வாங்கியதிலிருந்து அதை ஆற்றுக்குக் கொண்டுபோய், அடுத்த ஆண்டு வேறு படகுக்கு மாறியது வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஏரியில் செய்த சோதனையின்போது நான் உடனிருந்தேன். ஆற்றில் நடந்ததை, அன்று அங்கிருந்த மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். மூவரும் சம்மதித்தார்கள், பெயர் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

படகு வாங்கியவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. எடை 98 கிலோ. போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோ பக்கம் வேலை, அடுக்குமாடி வீடு, ஒரு கார் நிற்கும் அளவுக்கு கராஜ். பிக்கப் வண்டியோ டிரெய்லரோ கிடையாது. சில ஆண்டுகளாக ஃபிளை தூண்டிலில், அதாவது பூச்சி போலச் செய்த செயற்கை இரையைக் கட்டி, மீன்பிடிக்கிறார். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. படகு யோசனை வந்ததே அந்தக் காலால்தான்.

டெஷூட்ஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், மெக்கா ஃபிளாட் என்ற இடத்திலிருந்து ட்ரவுட் கிரீக் முகாம் வரை ஒரு நடைபாதை உண்டு. பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நல்ல மீன் உள்ள இடங்களுக்குப் போக வேண்டுமானால் இந்தப் பாதையில் நிறைய நடக்க வேண்டும். நடந்து முடித்தபின் வழுக்குப் பாறைகளின் மேல் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவும் வேண்டும். முந்தைய கோடையில் இரண்டையும் செய்து பார்த்து, முழங்கால் வீங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தார். நடப்பதற்குப் பதிலாக மிதந்து போனால் என்ன என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தார்.

மனதில் இரண்டு நீர்நிலைகள் இருந்தன. ஒன்று டெஷூட்ஸ். மற்றொன்று மவுண்ட் ஹூட் அடிவாரத்தில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிரில்லியம் ஏரி. அங்கே மகனோடு போவது வழக்கம். எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்குள் முடிக்க வேண்டும். 'ஆற்றுக்கும் ஆச்சு, ஏரிக்கும் ஆச்சு' என்று ஒரே படகாகத் தேடினார். அடுத்து நடந்த பலவற்றுக்கும் வேர் இந்த ஒரு வரிதான் என்பது என் கணிப்பு.

எந்தப் படகு

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இடுப்பைச் சுற்றி உட்காரும் மிதவை டியூப். மலிவு, முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் கால் தண்ணீருக்குள் தொங்கும், துடுப்பு கிடையாது. ஓடுகிற ஆற்றில் அதற்கு வேலை இல்லை. இதை உடனே தள்ளிவிட்டார், சரிதான்.

இரண்டாவது, எட்டு அடி நீளப் பாண்டூன். தடித்த துணி உறைக்குள் தனியாக ஒரு காற்றுப் பை. சைக்கிள் டயரும் டியூபும் மாதிரி இரண்டும் வேறு வேறு. சட்டம் பெயின்ட் பூசிய எஃகுக் குழாய். துண்டு துண்டாக வந்து, பொத்தான் அழுத்தி மாட்டுவது. சில நூறு டாலருக்குக் கிடைக்கும். மூன்றாவது, ஒன்பது அடிப் பாண்டூன். இதில் உள்பை இல்லை. கனமான பிவிசி துணியையே காற்றுப் புகாமல் ஒட்டிக் குழாயாக்கியிருப்பார்கள். சட்டம் அலுமினியம். புதிதாக வாங்கினால் ஆயிரத்து ஐநூறு டாலருக்கு மேல்.

அவர் எடுத்தது இரண்டாவது வகை, பழையது. விற்றவர் அதை முழுக்க முழுக்க ஏரிக்காகச் சிங்காரித்து வைத்திருந்தார். பின்னால் மின்மோட்டார் மாட்டும் தாங்கி, மோட்டார், பேட்டரி வைக்கும் தட்டு, கப்பியோடு நங்கூரம், தூண்டில் கழி நிறுத்த இரண்டு கொண்டிகள், இருபக்கமும் நிறைய ஜிப் வைத்த பைகள். எல்லாம் சேர்த்து, புதுப் படகு மட்டும் வாங்கும் காசுக்கு. யாருக்குத்தான் கை நீளாது? ஒட்டியிருந்த சீட்டில் 350 பவுண்டு, அதாவது 159 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. அவர் கூட்டிப் பார்த்த கணக்கு: தாம் 98, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை, பூட்ஸ், லைஃப் ஜாக்கெட் 8, பேட்டரி 21, மோட்டார் 9, நங்கூரமும் கயிறும் 6, தண்ணீர், சாப்பாடு, தூண்டில் சாமான் 9. மொத்தம் 151. வரம்புக்குள் வந்துவிட்டது, போதும் என்று முடிவெடுத்தார்.

கூட்டலில் தவறில்லை. ஆனால் 159 என்ற அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். எட்டு அடிக் குழாய் ஒன்றின் விட்டம் 38 சென்டிமீட்டர். முனைகள் கூம்பியிருப்பதைக் கழித்தால் இரண்டு குழாய்களும் சேர்ந்து 400 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். படகின் சொந்த எடை 32 கிலோ. 159 கிலோ சுமையும் ஏற்றினால் மொத்தம் 190. குழாய் கிட்டத்தட்டப் பாதி அமிழும். மிதக்கும்தான், மூழ்காது. ஆனால் பாதி அமிழ்ந்த குழாய் நீரோட்டத்துக்குக் காட்டும் பரப்பும் அதிகம், திருப்ப எடுக்கும் நேரமும் அதிகம். தாங்கும் எடை வேறு, ஓட்டுவதற்குத் தோதான எடை வேறு. ஓடும் தண்ணீருக்கு அந்தச் சீட்டு எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நான் ஏற்ற மாட்டேன். சுமை எங்கே உட்காருகிறது என்பதையும் சீட்டு சொல்லாது. இந்தப் படகில் 36 கிலோ இருக்கைக்குப் பின்னால் இருந்தது.

ஏரியில் தெரிந்தது

மே மாதக் கடைசியில் டிரில்லியம் ஏரிக்குப் போனோம். படகைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு போய், கரையில் பூட்டிக் காற்றடித்தோம். வீட்டிலேயே காற்றடித்துக் காரின் மேல் கட்டிக்கொண்டு போகலாமே என்று அவருடைய மைத்துனர் கேட்டார். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் இறுக்கிவிட்டு 1,100 மீட்டர் ஏறினால், வெளியே காற்றழுத்தம் சுமார் 1.8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) குறையும், அந்த அளவுக்குக் குழாய் கூடுதலாக இறுகும். இந்தக் குழாய்களுக்கு உரிய அழுத்தமே 2.5 பிஎஸ்ஐதான். தண்ணீர் ஓரத்தில் அடிப்பதே நல்லது.

வெயில் இதே வேலையை வேறு விதமாகச் செய்யும். காலை 10 டிகிரியில் 2.5 பிஎஸ்ஐக்கு அடித்த குழாய், மதியம் கரையில் கிடந்து உள்காற்று 40 டிகிரி ஆனால், 4 பிஎஸ்ஐயைத் தாண்டிப் போகும். துணி சற்று இழுத்துக்கொடுத்தாலும் ஒட்டுகளும் தையல்களும் அந்தக் கூடுதலைச் சுமக்க வேண்டும். மாறாக, கரையில் கிண்ணென்று அடித்த குழாயைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். ஓட்டை என்று பயந்து தேட வேண்டியதில்லை. தண்ணீரில் விட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி இரண்டு அடி அடிப்பது, கரையேறி நிறுத்தும்போது கொஞ்சம் காற்று இறக்குவது அல்லது நிழலில் இழுத்துப் போடுவது, இந்த இரண்டு பழக்கங்களும் அன்றே அவருக்குப் படிந்துவிட்டன. கார் பேட்டரியில் ஓடும் பம்பு குழாயை உப்பவைக்க மட்டும்தான் உதவியது. கடைசி இறுக்கத்துக்குக் கைப்பம்புதான்.

மற்றபடி ஏரியில் படகு நன்றாகவே நடந்துகொண்டது. பின்பக்கம் தாழ்ந்து, முன்முனைகள் இரண்டும் தூக்கியபடி நின்றது; காற்று அடித்தபோது அந்த மூக்கு பட்டம் போல் திரும்பியது. பாண்டூன் தண்ணீருக்கு மேல்தான் உட்காரும், எந்தப் படகிலும் காற்று பிடிக்கும். ஆனால் பின்சுமை அதைக் கூட்டியது. பிற்பகலில் ஹூட் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியதும் துடுப்பை விட்டுவிட்டு, காலில் மாட்டிய நீச்சல் ஃபின்களால் பின்னோக்கி உதைத்துக் கரை வந்தார். இரண்டு கையும் சும்மா இருப்பதால் மீன்பிடித்துக்கொண்டே நகரலாம். ஏரியில் மோட்டாரைவிட ஃபின்தான் அவருக்குப் பிடித்துப்போனது.

மோட்டாரில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓரிகனில் மின்மோட்டார் மாட்டினாலும் அது மோட்டார் படகு. பதிவு செய்ய வேண்டும், எண்ணைப் படகில் காட்ட வேண்டும். விற்றவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. இவர் அதையும் பணம் கட்டிச் செய்து முடித்தார்.

நங்கூரம் ஏரியில் நன்றாக வேலை செய்தது. ஐந்து கிலோ எடை, பதினைந்து மீட்டர் கயிறு. கயிற்றின் கடைசி நுனியில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. கை நழுவினாலும் கயிறு முழுதாக ஓடிப்போய் நங்கூரம் தொலையாமல் இருக்க. நின்ற தண்ணீருக்கு அது புத்திசாலித்தனமான முடிச்சு. இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. பின்சட்டத்தின் நடுவில் மோட்டார் தாங்கி உட்கார்ந்திருந்ததால், நங்கூரக் கப்பியை இடது மூலையில் முடுக்கியிருந்தார்கள். ஏரியில் படகு லேசாகக் கோணிக்கொண்டு நின்றதைத் தவிர அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஆற்றுக்கு முன்: எதைக் கழற்றுவது

ஆற்றுக்குத் துணை வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஒரு நண்பர். மெக்கன்சி ஆற்றுப் பாணியில் செய்த, தட்டையான அடியும் வளைந்த முனைகளும் கொண்ட டிரிஃப்ட் படகைப் பல காலமாக ஓட்டுகிறவர். அவரைப் படகோட்டி நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் முதலில் படகைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பற்றித்தான் பேசினார்.

டெஷூட்ஸ் ஆற்றின் கடைசி நூறு மைலில், பெல்டன் அணைக்குக் கீழே, மிதக்கும் எதிலிருந்தும் மீன்பிடிக்கக் கூடாது. படகில் போகலாம், மீன்பிடிக்க வேண்டுமானால் இறங்கி ஆற்றிலோ கரையிலோ நிற்க வேண்டும். படகில் போகும் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் மேற்குக் கரை முழுக்க வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரின் நிலம். அவர்களுடைய அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் தூண்டில் போட முடியாது. ஆகவே எல்லா நிறுத்தங்களும் கிழக்குக் கரையில்.

வாங்கியவருக்கு இந்த விதி தெரியாமல் இல்லை. நடந்து மீன்பிடித்தபோது படகுக்காரர்கள் இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த விதி தம் படகின் சாமான்களை என்ன செய்கிறது என்று யோசித்திருக்கவில்லை. சுழலும் இருக்கை, தூண்டில் கொண்டிகள், கை நீட்டும் தூரத்தில் இருக்கும் பைகள், நங்கூரம் எல்லாமே படகில் உட்கார்ந்தபடி மீன்பிடிப்பதற்காக உண்டானவை. இந்த ஆற்றில் படகு ஒரு வண்டி, அவ்வளவுதான். வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: சீக்கிரம் திரும்புமா, நினைத்த இடத்தில் கரை ஒதுங்குமா, ஏறி இறங்க வசதியா, இறங்கியபின் இழுத்துப் போட முடியுமா.

மோட்டாரும் பேட்டரியும் முதலில் போயின. "அத்தான், அதுக்குக் கட்டின பணத்தையாவது திரும்பத் தருவானா?" என்று மைத்துனர் கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கொண்டிகளைக் கழற்றினார்கள். கழியை உறையில் போட்டுச் சட்டத்தோடு கட்டினார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கழி மரக்கிளையில் மாட்டும். ஆறடித் துடுப்புகளுக்குப் பதில் ஏழடித் துடுப்புகள் வாங்கினார்கள். கூட ஒரு மாற்றுத் துடுப்பு, துடுப்பு கை நழுவிப் போகாமலிருக்க வார், ஒட்டுப் போடும் சாமான், விசில். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கடியில் வைக்காமல், பூட்டி அணிந்தே இருக்க வேண்டும் என்றார் நண்பர். அதன் மார்புப் பட்டையில் ஒரு சிறு கத்தியை உறையோடு மாட்டிவிட்டதும் அவர்தான். ரப்பர் கால்சட்டைக்கு மேல் இடுப்பு வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பிடித்து இழுத்துப் பார்த்தார். விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும் வேகத்தை அதுதான் குறைக்கும்.

நங்கூரத்தில் கருத்து வேறுபட்டது. கழற்று என்றார் நண்பர். வாங்கியவர் வேண்டும் என்றார். அவர் பக்கமும் காரணம் இருந்தது: முழங்கால் மடங்காது, இறங்க நேரம் எடுக்கும், அதற்குள் படகு நகர்ந்துவிட்டால்? ஆழமில்லாத கரையோரத்தில் மட்டும் போடுவது என்று சமாதானம் ஆனார்கள். கப்பி இடது மூலையிலேயே இருந்தது. மோட்டார் போய்விட்டது, அதன் தாங்கி போகவில்லை. அதை எடுக்கச் சட்டத்தின் பின்பகுதியையே பிரிக்க வேண்டும். கயிற்று முடிச்சை யாரும் கவனிக்கவில்லை.

துடுப்புப் பயிற்சி வில்லாமெட் ஆற்றில் நியூபெர்க் பக்கம் நடந்தது. தண்ணீர் அங்கே குளம் மாதிரி. நேராக ஓட்டவும் திருப்பவும் கை பழகியது. ஆனால் ஓடும் தண்ணீரில் கரை ஒதுங்கும் வித்தையை நின்ற தண்ணீரில் கற்க முடியாது. அது என்னவென்றால், முகம் ஆறு ஓடும் திசையில் இருக்க, முதுகைச் சேர வேண்டிய கரைப் பக்கம் சாய்வாகத் திருப்பி, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பை இழுப்பது. படகின் வேகம் குறையும், கூடவே பக்கவாட்டில் நகர்ந்து கரை சேரும். தூரத்திலேயே தொடங்க வேண்டும். இடம் வந்தபின் தொடங்கினால் இடம் தாண்டியிருக்கும்.

ஆற்று நாள்

ஜூன் தொடக்கம். வார்ம் ஸ்பிரிங்ஸ் இறங்குதுறையிலிருந்து ட்ரவுட் கிரீக் வரை பத்து மைல். பெரிய பாய்ச்சல், அதாவது பாறைகளுக்கிடையே தண்ணீர் நுரைத்து வேகமாக இறங்கும் இடம், எதுவும் இல்லாத பகுதி, சிறு சலசலப்புகள்தான். ட்ரவுட் கிரீக்கைத் தவறவிட்டால் அதற்குக் கீழே வைட்ஹார்ஸ் பாய்ச்சல் இருக்கிறது. அனுபவமுள்ளவர்களே இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு ஓட்டும் இடம். இந்தப் பகுதியைத் தேர்ந்ததற்கு நண்பர் சொன்ன முக்கியமான காரணம், கிழக்குக் கரை நடைபாதை. படகு கெட்டால் நடந்து வெளியேறலாம். நல்ல காரணம். புதுப் படகோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாய்ச்சல் இருக்கிறதா என்பதல்ல, பாதியில் நின்றால் எப்படி வெளியேறுவது என்பது.

ஆற்றில் தண்ணீர் நொடிக்கு 4,000 கன அடியை ஒட்டி ஓடியது. மேட்டூர் அணைச் செய்தியில் படிக்கிற அதே கன அடிதான். ஊற்றுநீர் ஆறு என்பதால் கோடையிலும் பெரிதாகக் குறையாது. தண்ணீர் 12 டிகிரியை ஒட்டியிருந்தது. பெரிய சால்மன் ஃபிளை பூச்சிகள் புல்லில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள். கரையோரக் கிளைகளுக்கு அடியில் ரெட்பேண்ட் ட்ரவுட் மேலே பார்த்தபடி இருக்கும். வாங்கியவர் பாண்டூனில், நண்பரும் மைத்துனரும் டிரிஃப்ட் படகில், எப்போதும் அவருக்கு முன்னால்.

முதல் நிறுத்தங்கள் நன்றாகவே போயின. நண்பர் முன்னே ஒதுங்கி இறங்கி நின்று, வருகிற பாண்டூனின் முன்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். இவர் நிதானமாக இறங்குவார். இறங்குவதுதான் கஷ்டம் என்பது அப்போது தெரிந்தது. கால் வைக்கும் கட்டை உயரமாக இருந்ததால் வலது காலை மடக்கித் தூக்கி எடுக்க வேண்டும். ஒரு கால் தரையில், ஒரு கால் கட்டையில் இருக்கும்போது படகு நகர்ந்தால் உடல் பிளக்கும். கயிற்றைப் பிடிக்க ஆள் இருந்ததால் சமாளித்தார். மீனும் கிடைத்தது.

நங்கூரம்

பாதி தூரத்துக்குச் சற்று அப்பால், ஆறு ஒரு சரளைத் தீவைச் சுற்றிப் பிரியும் இடம். டிரிஃப்ட் படகு தீவின் ஓரத்தில் ஒதுங்கியது. பாண்டூன் பின்னால் வந்தது, ஆனால் கரையை நோக்கித் தாமதமாகத் திரும்பியது. தீவைத் தாண்டிவிடுவோம் என்று தோன்றியதும் அவர் துடுப்பை விட்டுவிட்டு நங்கூரக் கயிற்றை அவிழ்த்தார். கரையோரத்தில் மட்டும் என்று பேசிவைத்தது அவர் நினைவில்தான் இருந்தது. அது கரையோரம் என்றுதான் நினைத்தார். மூன்று மீட்டர் உள்ளே இருந்தார், அங்கே ஓட்டம் வேறு.

நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டியது. படகு நின்றது. நின்ற நொடியில் ஆற்றின் வேகம் முழுவதும் படகின் மேல் வந்தது. ஓடும் தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், இரண்டு மடங்கு வேகம் நான்கு மடங்கு விசை. கயிறு இடது மூலையிலிருந்து இழுத்ததால் படகு நேராக நிற்காமல் கோணித் திரும்பியது. இடது குழாயின் பின்முனை அமிழ்ந்தது, அதன் மேல் தண்ணீர் ஏறியது. நண்பர் கரையிலிருந்து கயிற்றை விடச் சொல்லிக் கத்தினார். இவர் விட்டார். கயிறு ஓடியது, கடைசி முடிச்சு கப்பியில் வந்து முட்டி, மறுபடி இழுத்தது, முன்னைவிடப் பலமாக.

மார்பில் இருந்த கத்தியை எடுத்து அறுத்தார். மூவருமே அதை நொடிகளில் முடிந்த விஷயமாகத்தான் சொல்கிறார்கள். படகு விடுபட்டுக் கீழே சென்று, தீவின் வால்பக்கத்துச் சுழிப்பில் தானாக ஒதுங்கியது. துடுப்புகள் வாரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு இடுப்பு வரை நனைந்ததைத் தவிர அடி இல்லை. கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று.

படகைப் பார்த்தார்கள். பின்சட்டத்தின் இடது பொருத்து வளைந்து, அந்தப் பக்கத்துத் துடுப்புக் கொண்டி உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. குழாய்களில் சேதம் இல்லை. மைத்துனர், கட்டிச் சமாளித்து மெதுவாக ஓட்டலாம் என்றார். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை: இழுக்கிற துடுப்பு ஒன்று சரியில்லாதபோது, இறங்குதுறையில் ஒதுங்கத் தவறினால் அடுத்து வருவது என்ன என்று அவருக்குத் தெரியும். ஆற்றில் இன்னொரு படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதும் கூடாது. ஆகவே பாண்டூனின் காற்றை இறக்கி, சட்டத்தைப் பிரித்து, டிரிஃப்ட் படகில் ஏற்றிக்கொண்டு மூவருமாக ட்ரவுட் கிரீக் வந்து சேர்ந்தார்கள். அரை மணி நேரத்தில் பிரித்து மடிக்க முடிந்தது அந்த மலிவுப் படகின் நல்ல குணம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு

வளைந்த பொருத்தை மாற்றிப் பழைய படகை மறுபடி ஏரிக்கு மட்டும் ஒதுக்கினார். ஆற்றுக்குப் புதிதாக ஒன்று தேடுவதா, நண்பரின் டிரிஃப்ட் படகிலேயே தொற்றிக்கொள்வதா என்று குளிர்காலம் முழுக்க யோசனை. டிரிஃப்ட் படகு அவர் இல்லாத நாட்களில் கிடைக்காது. கடைசியில், யாரோ விற்ற ஒன்பது அடி, உள்பை இல்லாத, அலுமினியச் சட்டப் படகை வாங்கினார். முதலில் போட்ட ஆயிரம் டாலர் வரம்பை இரண்டு படகுகளும் சேர்ந்து எப்போதோ தாண்டியிருந்தன. வீட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பை எழுத அவர் அனுமதிக்கவில்லை.

புதுப் படகில் நங்கூரம் இல்லை, கப்பி மாட்டும் இடத்தையும் அவர் பயன்படுத்தவில்லை. அதற்குப் பதில் முன்பக்கத்தில் நீளமான கயிறு. கரை ஒதுங்கியதும் அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி, படகைச் சரளை மேல் இழுத்துப் போடுகிறார். கால் கட்டையை மிகக் கீழ் நிலைக்கு இறக்கி, இருக்கையைச் சற்றுப் பின்னால் தள்ளியிருக்கிறார். பைகள் இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டார். அவரும் உடையும் சாமான்களும் சேர்ந்து 115 கிலோ; அந்தப் படகின் வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வருகிறது. வசந்த காலத்தில் நண்பரோடு, மெதுவாக ஓடும் ஓர் ஆற்றுப் பகுதியில் ஒரே சரளை மேட்டுக்கு மேலும் கீழுமாகக் கரை ஒதுங்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள், தூண்டில் எடுத்துப் போகாமல்.

அந்த ஜூனில் அதே பத்து மைலை ஓட்டினார். நிறுத்தங்கள் குறைந்தன, ஒவ்வொன்றிலும் நின்ற நேரம் கூடியது. தீவில் ஒதுங்கவில்லை.

இன்னொருவர் வாங்கினால்

அவரைக் கேட்டால், ஒரே படகு என்ற எண்ணத்தைத்தான் முதலில் விடுவேன் என்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒன்பது அடி ஆற்றுப் படகு ஏரியிலும் நன்றாகவே ஓடும்; ஃபின் மாட்டிக்கொள்ளலாம், நங்கூரத்தை அன்றைக்கு மட்டும் பின்சட்டத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். ஏரிக்குச் சிங்காரித்த படகை ஆற்றுக்குக் கொண்டுபோவதுதான் ஆகாது. ஒரே படகுதான் முடியும் என்றால் ஆற்றைப் பார்த்து வாங்க வேண்டும். அதுவும் எந்த ஆறு, அங்கே படகிலிருந்து மீன்பிடிக்க விடுவார்களா என்பதை முதலில் தெரிந்துகொண்டு. விடுகிற ஆறுகளில் இருக்கையும் நங்கூரமும் மறுபடி பேச்சுக்கு வரும். அப்போதும் கப்பி பின்நடுவில், கயிற்று நுனி முடிச்சில்லாமல், கத்தி உடம்பில்.

படகோட்டி நண்பர் தாம் மாற்றுவதாகச் சொன்னது வேறு. நங்கூரம் பற்றிய பேச்சைச் சமாதானத்தில் முடித்திருக்கக் கூடாது, எதற்காக அவருக்கு அது வேண்டும் என்று கேட்டிருந்தால் முழங்கால் விஷயம் அன்றே மேலே வந்திருக்கும் என்கிறார். கால் கட்டையை இறக்கவும் முன்கயிறு கட்டவும் பத்து நிமிடம் போதும். கழற்றிய சாமான் விட்டுப்போன தாங்கி, திருகு, கப்பி இவற்றையும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது மைத்துனரின் சேர்க்கை.

புதுப் படகிலும் குறை இல்லாமலில்லை. அலுமினியச் சட்டத்தின் நீளத் துண்டு காரில் முன்இருக்கை வரை வருகிறது. மகனோ மைத்துனரோ கூட வரும் நாளில் ஒருவர் வேறு வண்டியில் வர வேண்டும். பிவிசி குழாய்களை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆற்றிலிருந்து திரும்பிய இரவு கராஜில் அவற்றை விரித்துப் போட்டுக் காரைத் தெருவில் நிறுத்துகிறார். பழைய படகு இப்போது மகனிடம் இருக்கிறது. டிரில்லியம் ஏரியில் ஃபின் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறான். மோட்டாரை விற்றாயிற்று, பதிவையும் புதுப்பிக்கவில்லை.